தென் அமெரிக்காவின் நடுப்பகுதி ஏன் காலியாகக் கிடக்கிறது?

கேள்வி இதுதான்: தென் அமெரிக்க வரைபடத்தில் பெரிய ஊர்கள் எல்லாம் கரையோரமாகவே இருக்கின்றன, நடுவில் வெறும் பச்சை. கரையில் இல்லாத தலைநகரங்கள் பெரும்பாலும் மலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்பானிஷ் பேசும் பகுதி ஒன்பது நாடுகளாகப் பிரிந்து கிடக்க, போர்த்துகீசியம் பேசும் பகுதி மட்டும் ஒரே நாடாக இருக்கிறது. இதற்கெல்லாம் நிலம் காரணமா, வரலாறு காரணமா?

இரண்டும்தான். ஆனால் எது எந்த அளவுக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் 'மேற்கே ஆண்டீஸ், நடுவே அமேசான், தெற்கே பாம்பாஸ்' என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதை வைத்துக்கொண்டு அங்கே மனிதர்கள் ஏன் அப்படி வாழ்கிறார்கள் என்று புரிந்துகொள்ள முடியாது. என் கணிப்பில் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலானவை விளங்கிவிடும். ஒன்று, கடல்மட்டத்திலிருந்து உயரம். இன்னொன்று, துறைமுகத்துக்குப் போகும் பாதை. கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா மூன்றின் கதை வேறு. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில் நிலம். இந்தியாவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் பரப்பு, சுமார் 1.78 கோடி சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 43 கோடியை ஒட்டித்தான். மேற்கு விளிம்பை மட்டும் தூக்கி வைத்த தாம்பாளம் போன்ற கண்டம் இது. அந்த விளிம்புதான் ஆண்டீஸ், ஏறத்தாழ 7,000 கிலோமீட்டர் நீளம். பசிபிக் கடலடியில் உள்ள நாஸ்கா என்ற புவித்தட்டு, கண்டத்தைத் தாங்கும் புவித்தட்டுக்கு அடியில் இன்றும் நுழைந்துகொண்டே இருப்பதால் மலை எழும்பியது. நிலநடுக்கமும் எரிமலையும் அதே காரணத்தால்தான். இதுவரை கருவியில் பதிவானவற்றில் மிகப் பெரிய நிலநடுக்கம் 1960இல் சிலியின் வால்டிவியாவில் வந்தது, 9.5 அளவு. 1985இல் கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தபோது உச்சியில் இருந்த பனி உருகிச் சேறாக இறங்கி, ஆர்மேரோ என்ற ஊரையே மூடியது. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செம்பும் வெள்ளியும் தகரமும் இந்த மலைத்தொடரில் குவிந்திருப்பதற்கும் அதே பூமிக் கொதிப்புதான் மூலம்.

விளிம்பு இவ்வளவு மேற்கே ஒதுங்கியிருப்பதால் நீர் எல்லாம் எதிர்ப்பக்கம் போகிறது. அமேசானின் தொலைதூர ஊற்றுகள் பெருவில் பசிபிக் கடலிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஆனால் அந்த நீர் 6,400 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கில்தான் சேர்கிறது. உலக நதிகள் கடலில் கொட்டும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு நதியின் பங்கு.

சரி, உயரத்துக்கு வருவோம். வெப்ப மண்டலத்தில் கோடை, குளிர்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. தட்பவெப்பம் மாற வேண்டுமென்றால் மாதம் மாறக் காத்திருந்து பயனில்லை, மேலே ஏற வேண்டும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும். ஆண்டீஸ் நாடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகூட நிலத்தை இப்படித்தான் பிரித்துச் சொல்லும்: ஏறத்தாழ 900 மீட்டர் வரை சூடான நிலம், வாழையும் கொக்கோவும் கரும்பும். அதற்கு மேல் மிதமான நிலம், காப்பியும் சோளமும். 1,800 மீட்டருக்கு மேல் குளிர் நிலம், கோதுமையும் உருளைக்கிழங்கும். அதற்கும் மேலே மரம் வளராத உறைநிலம், லாமாவும் அல்பாக்காவும் மேயும் புல்வெளி.

இது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு பொலிவியாவில் ஒரு சாலை இருக்கிறது. லா பாஸிலிருந்து வடகிழக்கே புறப்பட்டால் முதலில் 4,600 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றைத் தாண்ட வேண்டும். அங்கே மொட்டைப் பாறையும் பனிக்காற்றும்தான். அதைத் தாண்டியதும் சாலை கீழே விழ ஆரம்பிக்கிறது. முதலில் பாசி, பிறகு புதர், பிறகு மேகத்துக்குள் மூழ்கிய காடு. சட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரவேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் 1,200 மீட்டருக்கு வந்துவிடுவீர்கள். சுற்றிலும் ஆரஞ்சு, காப்பி, சரிவில் வரிசையாக வெட்டிய படிகளில் கோக்கா இலைச் செடிகள். நூறு கிலோமீட்டர்கூட இல்லாத பயணம் அது. இந்த வழியில் முன்பு இருந்த ஒற்றையடி மலைச்சாலையைத்தான் 'மரணச் சாலை' என்று உலகம் முழுவதும் பேசினார்கள். இப்போது வேறு சாலை போட்டுவிட்டார்கள், பழையதில் சுற்றுலாக்காரர்கள் சைக்கிள் விடுகிறார்கள்.

ஸ்பானியர் வருவதற்கு முன் ஆண்டீஸை ஆண்ட இன்காக்களும் அவர்களுக்கு முன்பு இருந்தவர்களும் இந்த அமைப்பை முழுசாகப் பயன்படுத்தினார்கள். ஜான் முர்ரா என்ற மானிடவியலாளர் இதை விளக்கியிருக்கிறார்: ஒரே சமூகம் மேல் புல்வெளியில் சிலரையும், நடுச்சரிவில் சிலரையும், கீழே சூடான பள்ளத்தாக்கில் சிலரையும் குடியமர்த்தி வைத்திருக்கும். கம்பளியும் கிழங்கும் சோளமும் கோக்காவும் சொந்தக்காரர்களுக்குள்ளேயே கைமாறும். பெரிய சந்தை தேவைப்படவில்லை.

உறைபனியைக்கூட அவர்கள் வேலை வாங்கினார்கள். ஜூன், ஜூலையில் நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இரவில் கடும் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். சின்னக் கசப்பு உருளைக்கிழங்கை வயலில் பரப்பி இரவெல்லாம் விடுவார்கள். அது கல்லாக உறையும். மறுநாள் வெயிலில் இளகும். சில இரவுகள் இப்படிப் போன பிறகு, குவித்து வைத்து வெறுங்காலால் மிதிப்பார்கள். தோலும் நீரும் பிதுங்கி வெளியேறும். மறுபடி வெயிலில் உலர்த்தினால் தக்கை எடையில் கறுத்த வில்லைகள் கிடைக்கும். சூன்யோ என்று பெயர். ஆண்டுக்கணக்கில் கெடாது. பஞ்ச காலத்துக்கும் படை நடைக்கும் இதுதான் இருப்பு. பின்னாளில், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்கள் இதைத் தின்றுதான் உயிர் வாழ்ந்தார்கள், அதைக் கொண்டுவந்து விற்ற ஸ்பானிய வியாபாரிகள் பணக்காரர்கள் ஆனார்கள்.

ஆகவே மலைமேல் ஊர் ஏன் என்ற கேள்விக்கு முதல் பதில்: உணவும் ஆட்களும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. இன்காக்களின் தலைநகர் குஸ்கோ 3,400 மீட்டரில் இருக்கிறது. ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ 2,850, கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டா 2,600க்குச் சற்று மேல். ஸ்பானியர்கள் புதிதாக இடம் தேடவில்லை. வரி கட்டவும் வேலை செய்யவும் மக்கள் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டாவது பதில் நோய். மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் அடிமைக் கப்பல்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தாழ்நிலங்களில் பரவின. கொசு ஏறாத உயரத்தில் குடியிருப்பது உயிருக்குப் பாதுகாப்பு. ஈக்வடாரின் குவாயாகில் துறைமுகம் நெடுங்காலம் மஞ்சள் காய்ச்சலுக்குப் பேர்போனது, கீட்டோவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உயரத்தில் வாழ்வதற்கும் விலை உண்டு. லா பாஸில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். அந்த ஊரில் பணக்காரர்கள் கீழே, காற்று கொஞ்சம் கனமாகவும் வெதுவெதுப்பாகவும் உள்ள 3,200 மீட்டர் பள்ளத்தில் வீடு கட்டுகிறார்கள். கிராமத்திலிருந்து வந்த அய்மாரா மக்கள் மேலே 4,100 மீட்டர் சமவெளியில், எல் ஆல்ட்டோவில். இன்று அது லா பாஸைவிட அதிக மக்கள் உள்ள தனி நகரம். இரண்டையும் 2014 முதல் கம்பிவடப் பெட்டிகள் இணைக்கின்றன. அங்கே அது வேடிக்கை காட்டும் வண்டி இல்லை, வேலைக்குப் போகிறவர்களின் டவுன் பஸ்.

இதுவரை சொன்னது உயரம். அடுத்தது துறைமுகம்.

பெருவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி பிசாரோ முதலில் தலைநகராக வைத்தது மலையில் உள்ள ஹௌஹா. நல்ல ஊர்தான், ஆனால் கடலிலிருந்து ரொம்ப தூரம். 1535இல் கடற்கரைக்கு இறங்கி லிமாவை உண்டாக்கினார்கள். இன்காக்களின் ராஜ்யம் மலைமேல் வடக்கு தெற்காக நீண்டிருந்தது. புதிய ராஜ்யத்துக்கு மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதைதான் உயிர்நாடி. 1545இல் நாலாயிரம் மீட்டருக்கு மேல் பொட்டோசியில் வெள்ளி கிடைத்ததும் இது உறுதியாகிவிட்டது. வெள்ளிக் கட்டிகள் லாமா முதுகிலும் கோவேறு கழுதையிலும் கடற்கரைக்கு இறங்கி, கப்பலில் பனாமா போய், கரை மாறி, அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போயின. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொட்டோசியில் ஒன்றரை லட்சம் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அன்றைய ஐரோப்பாவின் பெரிய நகரங்களோடு போட்டி போடும் கூட்டம். சுரங்க வேலைக்குக் கிராமங்களிலிருந்து முறை வைத்து ஆள் பிடித்தார்கள், பாதரசம் கலந்து வெள்ளி பிரித்தார்கள். எத்தனை பேர் அதில் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை.

இந்தத் துறைமுக ஏற்பாடு எவ்வளவு விபரீதமாகப் போனது என்பதற்கு பியூனஸ் அயர்ஸ் உதாரணம். அட்லாண்டிக் கரையில், ஸ்பெயினைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் அது. ஆனால் சட்டப்படி அங்கே நேரடியாகச் சரக்கு இறக்கக் கூடாது. ஸ்பெயினிலிருந்து வரும் துணி பனாமா வழியாக லிமாவுக்குப் போய், ஆண்டீஸைத் தாண்டி, பாதிக் கண்டத்தைக் கடந்துதான் பியூனஸ் அயர்ஸுக்கு வரவேண்டும். லிமா வணிகர்களின் ஏகபோகம் அப்படி. அந்த விலைக்கு யார் வாங்குவார்கள்? ஊரே கள்ளக்கடத்தலில் வாழ்ந்தது. 1776இல்தான் தனி வைஸ்ராய் வந்தார், துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் பாருங்கள், நூறு ஆண்டுக்குள் கண்டத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றாக அது மாறிவிட்டது. சுற்றிலும் கல்லே இல்லாத ஆழமான மண், பாம்பாஸ் புல்வெளி. 1870களில் குளிர்பதனக் கப்பல் வந்ததும் மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்கே போனது. ஆங்கிலேயர் போட்ட ரயில் பாதைகள் எல்லாம் பியூனஸ் அயர்ஸிலிருந்து விசிறியாக விரிந்தன. பக்கத்துப் பக்கத்து மாகாண நகரங்களுக்குள் போகவேண்டுமானாலும் தலைநகருக்கு வந்து மாற வேண்டிய நிலை. இன்றும் அர்ஜென்டினா மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பியூனஸ் அயர்ஸ் பெருநகரத்தில் இருக்கிறார்.

லிமாவுக்கு வந்த சிக்கல் வேறு. அந்தக் கரையை ஒட்டி ஹம்போல்ட் நீரோட்டம் என்ற குளிர்ந்த நீர் ஓடுகிறது. குளிர்ந்த கடல்மீது காற்று மேலே எழாது. மேகம் வரும், மூடுபனி வரும், மழை வராது. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் சில சென்டிமீட்டர் தேறாது. ஜூன் முதல் பல மாதங்கள் வானம் சாம்பல் நிறம், சுவரெல்லாம் ஈரம், ஆனால் குடை விற்கிறவர் யாரும் கிடையாது. ஒரு கோடிப் பேர் வாழும் அந்த நகரத்துக்கு ரிமாக் என்ற சின்ன ஆறுதான் ஆதாரம். போதாததால் மலைக்குள் சுரங்கம் குடைந்து, அமேசான் பக்கம் போக வேண்டிய நீரை இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். பெருவின் நன்னீரில் பசிபிக் சரிவுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 சதவீதம், மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான். 1940களிலிருந்து மலைக்கிராமங்களை விட்டு வந்தவர்கள் லிமாவைச் சுற்றியுள்ள மணல் குன்றுகளில் குடிசை போட்டு ஏறிக்கொண்டே போனார்கள். உச்சியில் இருப்பவர்கள் லாரித் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். சில குன்றுகளில் பெரிய வலைகளைக் கட்டி மூடுபனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் பிடிக்கிறார்கள்.

அதே குளிர்ந்த நீர்தான் கடலடிச் சத்தை மேலே கொண்டுவந்து, நெத்திலி வகை மீனைக் கோடிக்கணக்கில் வளர்க்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரோட்டம் தளர்ந்து வெந்நீர் வந்து மூடும்போது எல் நினோ. மீன் காணாமல் போகும், வடபெருவின் பாலைவனத்தில் வெள்ளம் வரும், பிரேசிலின் வடகிழக்கில் மழை பொய்க்கும். நமக்கும் இதில் பங்கு உண்டு. எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பலமுறை குறைந்திருக்கிறது, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் கூடுகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பசிபிக்கில் இருந்தது மிக வலுவான எல் நினோ.

இந்தத் தொடர்பின் மிகக் கொடிய அத்தியாயம் 1870களில் நடந்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற தாது வருஷப் பஞ்சம் 1876இலிருந்து 1878 வரை. 1877இல் பசிபிக்கில் கடும் எல் நினோ. அதே 1877இல் பிரேசிலின் செயரா மாகாணத்திலும் வறட்சி தொடங்கி மூன்று ஆண்டு நீடித்தது. பசியிலும் அம்மையிலும் அங்கேயும் லட்சக்கணக்கில் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பலர் கப்பலேறி அமேசானுக்குப் போனார்கள், காட்டுக்குள் ரப்பர் பால் எடுக்க. சரியாக அதே சமயத்தில், 1876இல், ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது, பிறகு மலாயாவிலும் ஊன்றியது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள். 1913 வாக்கில் ஆசிய ரப்பர் அமேசான் ரப்பரை முந்தியது, விலை சரிந்தது. ரப்பர் பணத்தில் 1896இல் இசை நாடக அரங்கு கட்டிய மனௌஸ் நகரம் படுத்துவிட்டது. அமேசானிலேயே தோட்டம் போட முடியாதா என்றால், மரங்களை நெருக்கமாக நட்டால் அங்கே ஒரு இலைக்கருகல் பூஞ்சை எல்லாவற்றையும் அழித்துவிடும். ஹென்றி ஃபோர்டு 1928இல் ஃபோர்ட்லாண்டியா என்று ஒரு ஊரையே உண்டாக்கிப் பார்த்தார், நடக்கவில்லை.

இப்போது அந்த 'காலி' நடுப்பகுதி. நீங்கள் நினைப்பதுபோல அது என்றுமே காலியாக இருந்ததில்லை. 1541-42இல் ஒரெயானா என்ற ஸ்பானியர் ஆண்டீஸிலிருந்து இறங்கி அமேசான் முழுவதும் படகில் போனார். கூடவே போன பாதிரியார் கர்வஹால், கரை நெடுக ஊர்களும் கூட்டமும் இருந்ததாக எழுதி வைத்தார். பின்னால் போனவர்கள் காட்டைத்தான் கண்டார்கள், ஆகவே பாதிரியார் புளுகினார் என்று முடிவு கட்டினார்கள். இப்போது பார்த்தால் அவர் சொன்னதில் நிறைய உண்மை இருந்திருக்கிறது. ஆற்றங்கரை மேடுகளில் கரியும் பானை ஓடும் கலந்து மனிதர் உண்டாக்கிய கறுப்பு மண் பரவலாகக் கிடைக்கிறது. ஈக்வடாரின் உபானோ பள்ளத்தாக்கில் 2,500 ஆண்டுப் பழமையான மேடைகளும் நேர்கோட்டுச் சாலைகளும் காட்டுக்கடியில் இருப்பதை, விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்து, 2024இல் வெளியிட்டார்கள். ஐரோப்பிய நோய்கள் மனிதர்களைத் துடைத்தெடுத்த பிறகு மரம் மூடிக்கொண்டது. நாம் கன்னிக் காடு என்று சொல்வதில் ஒரு பகுதி கைவிடப்பட்ட தோட்டம்.

இன்று அமேசானில் பெரும்பாலோர் நகரவாசிகள் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மனௌஸில் 20 லட்சம் பேர். 1967இல் வரியில்லா மண்டலம் ஆக்கியதால் பிரேசிலின் மோட்டார் சைக்கிளும் டிவியும் அங்கே தயாராகின்றன. பெருவின் இக்கிடோஸுக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது, படகு அல்லது விமானம்தான். கடலிலிருந்து ஆற்றுவழியில் 3,600 கிலோமீட்டர் உள்ளே இருந்தும் அந்த ஊரின் உயரம் நூறு மீட்டர் சொச்சம்தான். நிலம் அவ்வளவு தட்டை. அதனால் மலையில் மழை கூடினால் ஆறு மேலே எழும்பும், பத்து மீட்டர் வரை. இக்கிடோஸின் பெலன் பகுதியில் வீடுகள் உயரமான கால்கள்மேல் நிற்கின்றன, சில வீடுகள் மரக்கட்டைத் தெப்பத்தின்மேல் கட்டியவை. நீர் ஏறும் மாதங்களில் தெப்ப வீடு தானும் ஏறும், சந்தைக்கும் பள்ளிக்கும் ஓடம். நீர் வடிந்தால் அதே தெருவில் சேற்றில் பலகை போட்டு நடக்க வேண்டும்.

சரி, பிரேசில் ஏன் ஒரே நாடு? 1494இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் டோர்டெசியாஸ் என்ற ஊரில் உடன்படிக்கை செய்து, புதிய நிலங்களைப் பங்குபோட ஒரு கோடு கிழித்துக்கொண்டன. 1500இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்ரால் வழியில் பிரேசில் கரையைத் தொட்டுவிட்டு, கோழிக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோட்டின்படி போர்ச்சுகலுக்குக் கிடைத்தது கிழக்கு மூலை மட்டுமே. இன்றைய பிரேசிலில் பெரும்பகுதி கோட்டுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே எப்படிப் போனார்கள்? பிரேசிலின் தென்கிழக்குக் கரையில் செர்ரா டோ மார் என்ற செங்குத்துச் சரிவு சுவராக நிற்கிறது. சாண்டோஸ் துறைமுகம் கடல்மட்டத்தில், சாவோ பாலோ 760 மீட்டர் மேலே. 1867இல் போட்ட ரயிலைக்கூடக் கம்பிவடம் கட்டித்தான் இழுத்தார்கள். ஆனால் மேலே ஏறிவிட்டால் ஆறுகள் உள்நாட்டுப் பக்கம் போகின்றன. தியெட்டே ஆறு கடலிலிருந்து 22 கிலோமீட்டரில் பிறந்து, கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி பரானா ஆற்றில் கலக்கிறது. சாவோ பாலோவின் வேட்டைக் கூட்டங்கள் இந்த ஆற்றோடு போய்ப் பழங்குடிகளை அடிமை பிடித்தார்கள், பொன் தேடினார்கள். 1690களில் மினாஸ் ஜெரைஸில் பொன் கிடைத்தது. இருக்கிறவருக்கே நிலம் என்று 1750 மாட்ரிட் உடன்படிக்கை ஒப்புக்கொண்டது.

ஆனால் இதிலிருந்து நிலம்தான் பிரேசிலை ஒன்றாக வைத்தது என்று முடிவு கட்டக் கூடாது. நிலமும் கடலும் பிரிக்கத்தான் பார்த்தன. காற்றும் நீரோட்டமும் எதிராக இருந்ததால் அமேசான் முகத்துவாரத்திலிருந்து பிரேசிலின் அன்றைய தலைநகர் சால்வடாருக்குக் கப்பல் விடுவதைவிட லிஸ்பனுக்கு விடுவது எளிது. அதனாலேயே வடபகுதியை 1621 முதல் ஒன்றரை நூற்றாண்டு தனி ஆட்சிப் பகுதியாக வைத்திருந்தார்கள். என்னைக் கேட்டால் முடிச்சுப் போட்டது 1808தான். நெப்போலியனுக்குப் பயந்து போர்ச்சுகல் அரச குடும்பமே கப்பலேறி ரியோவுக்கு வந்துவிட்டது. 1822இல் அரசரின் மகனே சுதந்திரம் அறிவித்துப் பேரரசர் ஆனார். கிளர்ச்சிகள் வந்தன, தெற்கே ஒன்று பத்தாண்டு நீடித்தது, ஆனால் சிம்மாசனம் என்று ஒன்று இருந்தது. ஸ்பானிஷ் பக்கமோ அரசரே நெப்போலியனின் கைதி. ஸ்பெயின் தன் ஆட்சிக்காக வகுத்திருந்த ஒவ்வொரு நீதிமன்றப் பகுதியும் தன் தலைநகரைச் சுற்றித் தனியாக எழுந்தது. விடுதலைத் தலைவர் பொலிவார் சேர்த்துக் கட்டிய 'பெரிய கொலம்பியா' என்ற கூட்டு நாடு 1830இலேயே உடைந்தது.

உடைந்த துண்டுகளுக்குள்ளும் பிளவு இருந்தது. கொலம்பியாவில் ஆண்டீஸ் மூன்று தொடர்களாகப் பிரிகிறது. பொகோட்டாவிலிருந்து கரீபியன் கரைக்கு மக்தலேனா ஆற்றில் வாரக்கணக்கில் பயணம். சாலையும் ரயிலும் திண்டாடிய அந்த நாட்டில் 1919லேயே விமானக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். பொலிவியாவின் கதை வேறு விதம். கடற்கரையோடு பிறந்த நாடு, ஆனால் அட்டகாமா பாலைவனத்தின் வெடியுப்புக்காக 1879இல் வந்த போரில் சிலியிடம் கரையை இழந்தது. இன்றும் பொலிவியாவுக்குக் கடற்படை உண்டு, டிட்டிகாக்கா ஏரியில் பயிற்சி. ஒவ்வொரு மார்ச் 23ஆம் தேதியும் கடல் தினம் கொண்டாடுகிறார்கள். 2018இல் சர்வதேச நீதிமன்றமும் அவர்களுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை.

யார் எங்கே வாழ்கிறார்கள் என்பதும் இதே தடத்தில்தான் போகிறது. உயரத்தில் கெச்சுவா, அய்மாரா பழங்குடிகள். கரும்பு விளைந்த சூடான கரைகளில் ஆப்பிரிக்க வம்சாவளியினர். கிட்டத்தட்ட 48 லட்சம் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக இறக்கிய பிரேசில், 1888இல் அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்தது. மிதவெப்பத் தெற்கில் இத்தாலியரும் ஸ்பானியரும். பராகுவே மட்டும் விதிவிலக்கு: வெள்ளியும் இல்லை, கடல் துறைமுகமும் இல்லை, வந்து குவிந்த ஸ்பானியர்களும் குறைவு. அதனால் இன்றும் அங்கே பெரும்பாலோர் பேசுவது பழங்குடி மொழியான குவரானி.

காலி நடுவை நிரப்ப எடுத்த பெரிய முயற்சி பிரேசிலியா. 1960இல் பீடபூமியின் நடுவே வெறும் புதர்க்காட்டில் தலைநகரைக் கட்டினார்கள், இன்று 28 லட்சம் பேர். ஆனால் உள்நாட்டை உண்மையில் மாற்றியது சுண்ணாம்பு. செர்ராடோ என்ற அந்தப் புல்வெளியின் மண் புளித்த மண், அலுமினியம் அதிகம், பயிர் வராது என்று ஒதுக்கியிருந்தார்கள். 1973இல் தொடங்கிய எம்ப்ராபா ஆராய்ச்சி நிறுவனம் டன் டன்னாகச் சுண்ணாம்பு போட்டு மண்ணைத் திருத்தவும், வெப்ப மண்டலத்தில் விளையும் சோயா வகைகளை உருவாக்கவும் வழி கண்டது. இன்று உலகில் அதிக சோயா ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில், பெரும்பகுதி சீனாவுக்கு. விலை செர்ராடோ காட்டுக்கும் அமேசானின் தென் விளிம்புக்கும் விழுந்தது.

நாடுகளுக்குள் குறுக்குப் பாதை மட்டும் இன்னும் சரியாக அமையவில்லை. அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போகும் நெடுஞ்சாலை பனாமா-கொலம்பியா எல்லையில் டேரியன் காட்டில் நூறு கிலோமீட்டர் அளவுக்கு அறுந்து கிடக்கிறது. 2023இல் அந்தக் காட்டை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வெனிசுவேலர்கள், நடந்தே கடந்தார்கள். பெருவையும் பிரேசிலையும் இணைத்துப் போட்ட கடலிணைப்புச் சாலையில் எதிர்பார்த்த சரக்கு லாரிகளைவிட, பெருவின் காட்டுப் பகுதியான மாத்ரே டி டியோஸில் பொன் தோண்ட வந்தவர்கள்தான் அதிகம் பயனடைந்தார்கள். 2024 நவம்பரில் லிமாவுக்கு வடக்கே சான்கையில் சீன முதலீட்டில் பெரிய துறைமுகம் ஒன்று திறந்தது. பெருவின் பழங்களும் தாதுவும் இப்போது அங்கிருந்து நேரே ஷாங்காய்க்குப் போகின்றன. பிரேசில் சோயாவையும் அந்த வழியாக அனுப்பலாம் என்று பேச்சு நடக்கிறது. அதற்கு நாலாயிரம் மீட்டரைத் தாண்டும் ரயில் வேண்டும். அது இன்னும் திட்ட வரைபடத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.